தியோங் பாருவில் பதினான்கு மாதம்

"எழுபது வயசுல யாராச்சும் வாடகை வீட்டுக்குக் குடி போவாங்களா?" என்று மைத்துனர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எல்லாரும் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக உட்காரும் வயதில், நான் மாதம் 2,800 வெள்ளி கொடுத்து அடுத்தவர் வீட்டில் குடியேறினேன். பதினான்கு மாதம். கணக்குப் போட்டால் 39,200 வெள்ளி. துறைமுகத்தில் கிராணியாக இருந்து சேர்த்த பணம். ஏன் அப்படிச் செய்தேன் என்று பிள்ளைகளுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் எங்கள் பெரிய வீடு எங்கள் இருவருக்கும் அதிகம். தூசி தட்டவே ஒரு நாள் போனது. அதை விற்றுவிட்டு, வீவக-வில் ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்கு எழுதிப் போட்டோம். முப்பது ஆண்டுக் குத்தகை. என் மனைவிக்கு அப்போது 66. "தொண்ணூத்தாறு வரைக்கும் கவலையில்லை" என்று சிரித்தாள். வீடும் கிடைத்தது. ஆனால் கட்டி முடிக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பழைய வீட்டை வாங்கியவர் சாவியைக் கேட்டார். மகன் "எங்களோட வந்து இருங்கப்பா" என்றான். அவன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு பணிப்பெண், ஒரு நாய். நாங்கள் வேறு எதற்கு?

"அப்ப வாடகைக்குப் பார்க்கலாம்" என்றேன். மனைவி ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் மலிவாக இருக்கும் என்றாள். நான் தியோங் பாரு என்றேன்.

அந்தப் பேட்டையைப் பற்றி இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று அங்கே ரொட்டிக் கடையும் காப்பிக் கடையும் படம் பிடிக்கிற கூட்டமும்தான் தெரியும். வீவக 1960-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1927-இல் தொடங்கிய சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய வீடுகள் அவை. நாங்கள் எல்லாரும் எஸ்ஐடி வீடு என்றுதான் சொல்வோம். அந்த இடம் முன்பு சீனர்களின் இடுகாடாகவும் சேற்று நிலமாகவும் இருந்தது. பெயரிலேயே அது இருக்கிறது. 'தியோங்' என்றால் ஹொக்கியனில் இறப்பைக் குறிக்கும் சொல், 'பாரு' என்றால் மலாயில் புதிது. புது இடுகாடு! முதல் வீடுகள் 1936-இல் தயாராயின. ஜப்பான்காரன் வருவதற்குள் 784 அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன.

தெருக்களுக்கெல்லாம் பழைய சீனப் பெருந்தனக்காரர்களின் பெயர். மிளகும் கேம்பியரும் பயிரிட்ட சியா இயு சின், மலாயாவில் முதன்முதலில் ரப்பரை வியாபாரமாகப் பயிரிட்ட டான் சே யான் இப்படி. வீடுகள் வெள்ளை வெளேரென்று, மூலைகள் வளைந்து, கப்பலின் மேல்தளம் போல இருக்கும். சீனர்கள் அவற்றை விமான வீடு என்பார்கள். லிஃப்ட் கிடையாது. பின்பக்கம் ஒவ்வொரு சமையலறையும் ஒரு வளைபடிக்கட்டில் திறக்கும். சங்கு போலச் சுற்றிச் சுற்றி இறங்கும் அந்தப் படிக்கட்டு பின்சந்தில் போய் முடியும். 2003-இல் போருக்கு முந்தைய இருபது புளோக்குகளைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களாக அறிவித்தார்கள். அதன்பிறகு விலையும் ஏறியது, வாடகையும் ஏறியது.

எனக்கு அந்த முன்வாசல்கள் தெரியாது. பின்சந்துதான் தெரியும்.

அப்பா சிட்டி கவுன்சிலில் துப்புரவுத் தொழிலாளி. போருக்கு முன்பே ஊரிலிருந்து வந்தவர். ஐம்பதுகளில் அவருக்குத் தியோங் பாருப் பக்கம் வேலை போட்டிருந்தார்கள். பின்சந்துகளையும் சாக்கடைகளையும் கூட்டிக் கழுவ வேண்டும். பள்ளி விடுமுறையில் அம்மா தூக்குச்சட்டியில் சோறு கொடுத்து அனுப்புவார். நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயனிலிருந்து நடந்தே போவேன். வளைபடிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருப்பேன். மேலே சீனச் சமையல் வாசமும் வானொலிச் சத்தமும் வரும். எங்கள் லயனில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய். அந்த வீடுகளில் வீட்டுக்குள்ளேயே குழாயும் இழுத்தால் தண்ணீர் வரும் கழிப்பறையும் இருப்பதாக அப்பா சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை.

1957 என்று நினைக்கிறேன், எனக்கு ஒன்பது வயது. பார்த்துவிடலாம் என்று படியேறினேன். ஐந்தாறு படிதான் ஏறியிருப்பேன். மேலே சமையலறை வாசலில் நின்ற ஒரு பெண்மணி என்னைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டார். திருட வந்தவன் என்று நினைத்திருக்கலாம். அப்பா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மேலே பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். பிறகு என்னைக் கீழே இழுத்து கன்னத்தில் ஒரு அறை. அவர் என்னை அடித்தது வாழ்நாளிலேயே அந்த ஒரு முறைதான். "மேல ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" அவ்வளவுதான் சொன்னார். அறை அன்றே மறந்துவிட்டது. கூப்பிய கை மறக்கவில்லை.

அப்பா 1979-இல் காலமானார். அதற்குள் நாங்கள் வீவக வீட்டுக்கு வந்து வருடங்கள் ஆகியிருந்தன. அவர் தியோங் பாருவைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. "சுத்தமான ஏரியா" என்பார், தான் கூட்டியதை மறந்துவிட்டவர் போல.

இதுதான் காரணம். ஒரு வருடமாவது அந்த வீடுகளில் ஒன்றில் முன்வாசல் வழியாக ஏறிப்போய் இருக்க வேண்டும் என்ற ஆசை.

வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் சின்னப் பெண், நல்ல மரியாதை. இரண்டாம் மாடி. உள்ளே போனதும் எனக்கு வாயடைத்துவிட்டது. இடையிலிருந்த சுவரை எடுத்து, முன்னறையையும் சாப்பாட்டு அறையையும் ஒன்றாக்கியிருந்தார்கள். பழைய இரும்புச் சன்னல்களை மட்டும் விட்டுவைத்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். காற்றோட்டத்துக்காக அந்தக் காலத்தில் வைத்த துளைச் செங்கற்களும் இருந்தன. மற்றபடி எல்லாம் புதுசு. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், கல் பதித்த மேடை, கையை நீட்டினால் தண்ணீர் வரும் குழாய். சமையலறையின் பின்கதவைத் திறந்து பார்த்தேன். வளைபடிக்கட்டு அப்படியே இருந்தது.

"பிடிச்சிருக்கு" என்றேன். ஏஜெண்ட் சற்றுத் தயங்கினாள். "அங்கிள், நீங்க வீட்ல நிறைய சமைப்பீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நம்மில் வீடு தேடியவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். கறி வாசம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். விளம்பரத்திலேயே இன்னார் வேண்டாம் என்று போட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது, வீட்டுக்காரர் கேட்கச் சொன்னதைத்தான் கேட்டாள். என் மனைவி சன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நாங்கள் மனிதர்கள் சாப்பிடுவதைத்தான் சமைப்போம்" என்றோ, "வேறு வீடு பார்க்கிறோம்" என்றோ சொல்லியிருக்கலாம். நாற்பது வருடம் தொழிற்சங்கக் கூட்டங்களில் நீட்டி முழக்கியவன் நான். ஆனால் அன்று, "இல்ல இல்ல, நாங்க ரெண்டு கிழங்கட்டை. சும்மா ரொட்டி, சூப்பு" என்று சொல்லிச் சிரித்தேன்.

ஒப்பந்தம் வந்தது. ஒரு வருடம், ஒரு மாத முன்பணம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குளிர்சாதனத்தைச் சுத்தம் செய்து ரசீது காட்ட வேண்டும். சின்னச் சின்னப் பழுதுகளுக்கு முதல் 200 வெள்ளி எங்கள் செலவு. கடைசியில், 'இலேசான சமையல் மட்டும்' என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டேன். முத்திரைத் தீர்வை 134 வெள்ளி கட்டினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

2018 ஜூலையில் குடியேறினோம். முதல் வாரம் எனக்குத் தேன்நிலவுதான். விடியற்காலையில் எழுந்து அஞ்சடியில் நடப்பேன். மாடியில் உணவங்காடி உள்ள சந்தைக்குப் போய் சுவீ குவே வாங்குவேன். எங் ஹூன் ஸ்திரீட்டில் குரங்குக் கடவுளுக்கு ஒரு சீனக் கோயில் இருக்கிறது. மனைவி அதை அனுமார் கோயிலாகவே வைத்துக்கொண்டு சனிக்கிழமை தோறும் கும்பிட்டாள். குவான் சுவான் ஸ்திரீட்டில் 78-ஆம் புளோக்குக்குக் கீழே, 1939-இல் கட்டிய வெடிகுண்டுப் பாதுகாப்பிடம் இருக்கிறது. அந்த வழியே போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நிற்பேன்.

வீட்டுக்கு வருகிறேன். புதுப்பித்த பழைய வீட்டில் வாடகைக்கு இருக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைத்தான் புதுப்பிப்பார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் குளியலறைக் கூரையில் பழுப்பு நிறத்தில் ஈரம் படர்ந்தது. பொய்க்கூரையைக் கழற்றினால் மேல்வீட்டுப் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துச் சொட்டுகிறது. யார் பழுது பார்ப்பது? எங்கள் வீட்டுக்காரர் மேல்வீட்டைக் கைகாட்டினார், மேல்வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். ஐந்து வாரம் வாளி வைத்துக் குளித்தோம். நடுச்சுவரை எடுத்ததால் பார்க்க விசாலமாக இருந்தது, ஆனால் அடுப்பு மூட்டினால் புகை படுக்கை வரை போனது. பழைய ஆட்கள் சமையலறையைப் பின்னால் தள்ளித் தனியாக வைத்தது சும்மா இல்லை. படிக்கட்டு வேறு. மனைவிக்கு முழங்கால் வலி. சந்தைக்குப் போய்வந்தால் முதல் மாடியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவாள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது நான் அவளுடைய காலை நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் புகார் சொல்லவில்லை. சமையலைத்தான் சுருக்கினாள். மீன் வறுப்பது நின்றது. கருவாடு நின்றது. சாம்பார்கூடத் தாளிக்காமல் வந்தது. கேட்டால், "இலேசான சமையல்தானே?" என்பாள். வாரத்தில் மூன்று நாள் கடைச்சாப்பாடு. நாற்பத்திரண்டு வருடம் அவள் கைச்சமையலில் வளர்ந்த உடம்பு எனக்கு. அவளுக்கோ, சமைக்காத வீட்டில் செய்ய வேலையே இல்லை. மாலையில் சும்மா உட்கார்ந்து சன்னலைப் பார்ப்பாள்.

எதிர்வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி, எண்பது வயதுக்கு மேல். கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான். அவருக்கும் என் மனைவிக்கும் பொதுவான மொழி சந்தை மலாய். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ தீப்பிடித்தபோது வானம் சிவந்திருந்ததைக் கை விரித்துக் காட்டினார். அன்று ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள் என்பது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நான் மெதுவாக, அந்தக் காலத்தில் பின்சந்து கூட்டிய இந்தியர்களை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். யோசித்தார். தலைப்பாகை கட்டிய காவல்காரர் ஒருவர் இருந்தார், பால்காரர் வருவார் என்றார். கூட்டுகிறவர்களா? "தா இங்காட்" என்றார். நினைவில்லை. சந்து எப்போதும் சுத்தமாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடத் தீபாவளி நவம்பர் 6. முதல் நாள் மனைவி தேக்காவுக்குப் போய் இரண்டு கிலோ ஆட்டுக்கறி வாங்கிவந்து மேடையில் வைத்தாள். "நாளைக்குக் குழம்பு வைக்கப் போறேன்" என்றாள். அனுமதி கேட்கவில்லை, அறிவித்தாள்.

மறுநாள் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அவள் மசாலாவை வதக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து ஒவ்வொரு சன்னலாகச் சாத்தினேன். பின்கதவையும் சாத்தப் போனேன். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"என்ன செய்றீங்க?"

"வாசம் வெளிய போகும்ல. யாராச்சும் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டா?"

அவள் சத்தம் போடவில்லை. "உங்கப்பாவை மேல ஏற விடலன்னு இத்தனை வருஷமாப் பேசுறீங்க. இப்ப ஏறி வந்துட்டீங்க. வந்து என்ன செய்றீங்க? ஜன்னலைச் சாத்துறீங்க. உங்கப்பாவாவது மாசச் சம்பளத்துக்காகக் கையெடுத்துக் கும்பிட்டாரு. நீங்க காசு குடுத்துக் கும்பிடுறீங்க."

நான் அப்படியே நின்றேன். எண்ணெயில் கறிவேப்பிலை பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்கதவைத் திறந்தேன். சன்னல்களைத் திறந்தேன். பழைய இரும்புக் கொக்கிகள், ஒவ்வொன்றும் கிறீச்சென்றது. குழம்பு வாசம் வளைபடிக்கட்டு வழியாக மேலும் கீழும் போயிருக்கும். போகட்டும் என்று விட்டேன்.

யாரும் புகார் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி மட்டும் கதவைத் தட்டி, "மாசாக் அப்பா?" என்று கேட்டார். ஒரு கிண்ணம் கொடுத்தோம். காரம் அதிகம் என்று மறுநாள் சொன்னார். ஆனால் கிண்ணம் கழுவி வந்தது, உள்ளே நான்கு மாண்டரின் ஆரஞ்சு.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. விடுமுறை நாளிலும் பின்சந்தை ஒரு பங்ளாதேஷ் இளைஞர் கூட்டிக்கொண்டிருந்தார். தினமும் பார்த்துத் தலையசைக்கிற பழக்கம். மேலே வந்து சாப்பிடும்படி கையைக் காட்டினேன். அவர் பதறிவிட்டார். "நோ, பாஸ், நோ. சூப்பர்வைசர் பார்த்தா பிராப்ளம்" என்றார். வற்புறுத்தலாம் என்று வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். படியேறச் சொல்வது எனக்குச் சுலபம். ஏறினால் வேலை போவது அவருக்கு. அப்பா அன்று என்னை ஏன் அறைந்தார் என்பது அறுபது வருடம் கழித்து அந்த முகத்தைப் பார்த்துத்தான் முழுதாக விளங்கியது. கோபத்தில் அடித்ததாக நினைத்திருந்தேன். பயத்தில் அடித்திருக்கிறார்.

மனைவி ஒரு டப்பாவில் சோறும் குழம்பும் போட்டுக் கொடுத்தாள். பிடியைப் பற்றிக்கொண்டு வளைபடிக்கட்டில் நானே இறங்கினேன். "ஹலால்?" என்று கேட்டார். "ஹலால், தேக்கா" என்றேன். கடைசிப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்தில் சாக்கடை ஓரத்துத் திண்டில் நானும் உட்கார்ந்தேன். அவருக்கு ஊரில் இரண்டு வயதில் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். அதற்குப்பிறகு வாரத்தில் ஒரு நாள் டப்பா இறங்கியது.

2019 ஆகஸ்டில் புது வீட்டுச் சாவி வந்தது. செப்டம்பரில் காலி செய்தோம். ஏஜெண்ட் வந்து பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சமையலறைச் சுவரில் மஞ்சள் கறை என்று முன்பணத்தில் 250 வெள்ளி பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். சண்டை போடலாம் என்று பார்த்தேன். "விடுங்க, பதினோரு மாசக் குழம்புக்கு 250 வெள்ளி. மலிவுதான்" என்றாள் மனைவி.

புது வீடு சின்னது. லிஃப்ட் இருக்கிறது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. சமையலறைச் சன்னலை அவள் சாத்துவதே இல்லை. 39,200 வெள்ளியை வீணாக்கிவிட்டேனா என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். "நாலு மாசம் நீங்க வீணாக்குனீங்க. மீதியை நான் சமைச்சுட்டேன்" என்றாள்.

சிட்டி கவுன்சிலில் வேலை பார்த்த அப்பாமார்கள் நம் வாசகர்களில் பலருக்கு இருந்திருப்பார்கள். அவர்கள் எந்தத் தெருவைக் கூட்டினார்கள் என்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? நான் போன ஞாயிற்றுக்கிழமை என் பேரனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பின்சந்தைக் காட்டினேன். அவன் விறுவிறுவென்று வளைபடிக்கட்டில் ஏறினான். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.